பழைய கீசரைக் கழற்றுவதில்தான் வேலை இருக்கிறது

கீசர் என்பது குளியலறைச் சுவரில் தொங்கும் பெரிய ஃபிளாஸ்க். உள்ளே ஒரு தொட்டி. அதைச் சுற்றிச் சூட்டைப் பிடித்துவைக்கும் கெட்டி நுரை. தொட்டிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு காயில். வேண்டிய சூடு வந்ததும் கரண்டை நிறுத்த ஒரு தெர்மோஸ்டாட், அது சொதப்பினால் நிறுத்த ஒரு கட்-அவுட், இரண்டும் கைவிட்டால் அழுத்தத்தை வெளியே விட ஒரு சேஃப்டி வால்வு. அவ்வளவுதான் சமாச்சாரம். (பெயர் ஐஸ்லாந்தின் வெந்நீர் ஊற்றிலிருந்து வந்தது. 1868இல் லண்டனில் பெஞ்சமின் வாடி மாகன் என்பவர் தன் வெந்நீர்க் கருவிக்கு அதை வைத்தார். அவருடையது கேஸில் எரிந்தது. கருவி மாறிவிட்டது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.)

தமிழ்நாட்டு வீடுகளில் அதிகம் தொங்குவது 15 லிட்டர், 2,000 வாட் கீசர். இங்கே பேச்சும் அதைப் பற்றியே. இதை மாற்றிப் புதிதாக ஒன்றை மாட்ட அரை மணி நேரம் போதும் என்று கடையில் சொல்வார்கள். மாட்டுவதற்குப் போதும். கழற்றுவதற்கு?

அதற்கு முன்னால் ஒரு கேள்வி: மாற்றத்தான் வேண்டுமா?

"கீசர் போயிடுச்சு" என்று வீட்டில் சொல்லப்படும் கீசர்களில் பல உண்மையில் போகவில்லை. தண்ணீர் சூடாகவே இல்லை என்றால் குற்றவாளி காயில், தெர்மோஸ்டாட், கட்-அவுட் இவற்றில் ஒன்று. சில மாடல்களில் கட்-அவுட்டுக்கு மூடிக்குள் ஒரு குட்டிப் பொத்தான் இருக்கும். மெயினை அணைத்துவிட்டு அதை அழுத்தினாலே வண்டி ஓடும். காயிலை மல்டிமீட்டரில் பார்க்கலாம். 230 வோல்ட்டில் 2,000 வாட் இழுக்கும் காயிலுக்கு மின்தடை 26 ஓம் அளவில் இருக்க வேண்டும். மீட்டர் எதுவுமே காட்டாவிட்டால் காயில் அறுந்துவிட்டது. கீசரைப் போட்டதும், கரண்ட் கசிந்தால் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. தட்டிக்கொள்கிறது என்றால், பெரும்பாலும் காயிலின் உறை வெடித்துத் தண்ணீர் உள்ளே போயிருக்கும். இவையெல்லாம் சில நூறு ரூபாய் உதிரிபாகங்கள். இவற்றுக்காகக் கீசரையே மாற்றுவது, செருப்பு வார் அறுந்ததற்குப் புதுச் செருப்பு வாங்குவது போல. (வாங்குகிறவர்களும் உண்டு.)

அடியில் தண்ணீர் சொட்டுகிறதா? எங்கே சொட்டுகிறது என்று துடைத்துப் பார்க்க வேண்டும். ஹோஸ் இணைப்பில் சொட்டினால் வாஷர். சேஃப்டி வால்வில் சொட்டினால் அது தன் வேலையைச் செய்துகொண்டிருக்கலாம். வெளி உறையின் தையலிலோ, ஒயர் நுழையும் ஓட்டையிலோ கசிந்தால் பெரும்பாலும் உள் தொட்டி ஓட்டை. அதுதான் கீசரின் உண்மையான சாவு. நுரைக்குள் புதைந்திருக்கும் தொட்டிக்கு ஒட்டுப் போட முடியாது. குழாயில் துரு நிறத்தில் வெந்நீர் வருவது அதற்கு முந்தைய எச்சரிக்கை.

தொட்டியைக் கொல்வது பெரும்பாலும் தண்ணீர்தான். ஆழ்துளைக் கிணற்று நீரில் கால்சியம் பைகார்பனேட் கரைந்திருக்கும். சூடாக்கினால் அது சிதைந்து கால்சியம் கார்பனேட்டாகப் படியும். வெந்நீர்ப் பாத்திரத்தின் உட்புறம் வெள்ளையாகக் காரை கட்டுமே, அதே சரக்கு. காயிலின் மேல் அது ஓடு மாதிரி பிடித்துக்கொண்டால் சூடு தண்ணீருக்குப் போவது தடைப்படும். காயில் தன்னைத்தானே சுட்டுக்கொள்ளும். கீசருக்குள் படபடவென்று சோளம் பொரிகிற சத்தம் கேட்டால் காரணம் இந்த உப்புதான். துருவிலிருந்து தொட்டியைக் காக்க உள்ளே ஒரு மெக்னீசியம் கம்பி வைத்திருப்பார்கள். எஃகுக்குப் பதில் தான் அரிபட்டுக் கரைவதுதான் அதன் உத்தியோகம். அது கரைந்து முடிந்ததும் அடுத்த பலி தொட்டி. ஒன்றிரண்டு வருடத்துக்கு ஒருமுறை திறந்து பார்த்து அந்தக் கம்பியை மாற்றினால் கீசரின் ஆயுசு நீளும். யாரும் மாற்றுவதில்லை. அப்படி ஒரு கம்பி இருப்பதே பழைய கீசரை உடைக்கும்போதுதான் தெரிய வருகிறது.

சரி, தொட்டி போய்விட்டது. புதிது எத்தனை லிட்டர் வாங்குவது?

இதற்குக் கணக்கு உண்டு. தொட்டியில் இருப்பது 60 டிகிரி வெந்நீர். குளிக்க வேண்டியது 40 டிகிரி. சென்னையில் குழாய்த் தண்ணீர் 28 டிகிரி என்று வைத்துக்கொண்டால், 15 லிட்டர் வெந்நீரோடு 25 லிட்டர் பச்சைத் தண்ணீர் கலந்து 40 லிட்டர் குளியல் நீர் கிடைக்கும். அதாவது 20 லிட்டர் வாளியில் இரண்டு. வாளியும் மக்குமாகக் குளிக்கும் வீட்டுக்கு 15 லிட்டர் தாராளம். ஷவரில் நிமிடத்துக்கு 8 லிட்டர் கொட்டும் என்றால் அதே 40 லிட்டர் 5 நிமிடத்தில் காலி. ஊட்டியில் தண்ணீரே 12 டிகிரியில் வந்தால் 15 லிட்டர் கீசர் கொடுக்கும் குளியல் நீர் 26 லிட்டர்கூட இல்லை. அங்கே 25 லிட்டர் கீசர் ஆடம்பரம் ஆகாது.

பெட்டியில் பார்க்க வேண்டியவை ஐ.எஸ்.ஐ. முத்திரை (தேக்கிச் சூடாக்கும் கீசர்களுக்கான இந்தியத் தர எண் ஐ.எஸ். 2082), அப்புறம் தாங்கும் அழுத்தம். 10 மீட்டர் உயரத் தண்ணீர் ஏறத்தாழ 1 பார் அழுத்தம் தரும். தண்ணீர்த் தொட்டி ஒரு மாடி மேலே இருக்கும் தனி வீட்டில் 0.3, 0.4 பார்தான். பதினைந்து மாடிக் குடியிருப்பின் கீழ்த்தளத்தில், இடையில் அழுத்தம் குறைக்கும் வால்வு இல்லையென்றால், 4 பாரைத் தாண்டும். பிரஷர் பம்ப் வைத்திருந்தால் இன்னும் கூடும். 8 பார் தாங்கும் என்று எழுதியிருப்பதை வாங்கிவிட்டால் இந்தக் கவலை இல்லை.

மின்சிக்கன நட்சத்திரங்களைப் பற்றி ஒரு வார்த்தை. காயில் உண்ணும் மின்சாரம் முழுக்கச் சூடாகத்தான் மாறும், ஒரு நட்சத்திரமானாலும் ஐந்தானாலும். நட்சத்திரம் சொல்வது, சூடான தண்ணீர் சும்மா நிற்கும்போது ஒரு நாளில் எவ்வளவு சூடு வீணாகிறது என்பதை. நாள் முழுக்க கீசரை ஆனிலேயே வைத்திருக்கும் வீட்டுக்கு ஐந்து நட்சத்திரம் அவசியம். காலையில் இருபது நிமிடம் போட்டு அணைக்கும் வீட்டில் அதற்கெனக் கூடுதலாகக் கொடுக்கும் காசு திரும்பி வர வெகுகாலம் ஆகும்.

இதைச் சொந்தக் கையால் செய்யலாமா என்பதற்குச் சட்டமே பதில் வைத்திருக்கிறது. 1956ஆம் ஆண்டு இந்திய மின்சார விதிகளின் 45ஆவது விதி, உரிமம் பெற்ற ஒப்பந்ததாரரே வயரிங் வேலை செய்ய வேண்டும் என்றது. ஆனால் பல்பு, ஃபேன், ஃபியூஸ், சுவிட்ச், வீட்டுச் சாதனம் ஆகியவற்றை அதே தன்மையில் மாற்றுவதற்கு விலக்கும் கொடுத்தது. 2,000 வாட் கீசரை எடுத்துவிட்டு இன்னொரு 2,000 வாட் கீசரைப் பழைய பிளக்கிலேயே மாட்டுவது அந்த மாதிரி. புதிதாக லைன் இழுப்பது, பிளக் பாயின்ட்டை இடம் மாற்றுவது எல்லாம் எலெக்ட்ரீஷியன் வேலை. அதில் கை வைக்கக் கூடாது. வாரண்டி அட்டையையும் படித்துவிட வேண்டும். கம்பெனி ஆள் வந்து மாட்டினால்தான் வாரண்டி என்று சிலர் எழுதியிருப்பார்கள். அப்படி இருந்தால் அவரையே மாட்டச் சொல்லலாம். பழசைக் கழற்றிவைக்கும் வேலை அப்போதும் வீட்டுக்காரருக்கே மிஞ்சும்.

இனி அந்த வேலை.

முதலில் கரண்ட். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. எம்.சி.பி.யை இறக்கிவிட்டு, பிளக்கையும் உருவ வேண்டும். சாதாரண சுவிட்ச் ஃபேஸை மட்டும்தான் வெட்டும்; யாரோ ஒருவர் என்றைக்கோ ஃபேஸையும் நியூட்ரலையும் மாற்றிக் கொடுத்திருந்தால், சுவிட்ச் அணைந்திருக்கும்போதும் காயிலில் கரண்ட் நின்றுகொண்டிருக்கும். டெஸ்டரில் விளக்கு எரியவில்லை என்பதை மட்டும் நம்பி ஈரச் சுவரில் கை வைப்பது புத்திசாலித்தனம் இல்லை. உருவிய பிளக்கின் ஊசிகள் கறுத்திருந்தால், சாக்கெட்டுக்குள் பிடிமானம் தளர்ந்து சூடேறியிருக்கிறது என்று பொருள். அந்தச் சாக்கெட்டில் புதுக் கீசரைச் சொருகக் கூடாது. அதுவும் மாற்றப்பட வேண்டிய பட்டியலில் சேரும்.

அடுத்து தண்ணீர். இங்கேதான் நாடகம்.

கீசருக்குக் கீழே சுவரிலிருந்து இரண்டு ஆங்கிள் காக் நீட்டிக்கொண்டிருக்கும். உள்ளே போகும் லைனில் இருப்பதை மூடினால் தண்ணீர் நிற்கும். நிற்க வேண்டும். எட்டு வருடமாக யாரும் தொடாத காக், உப்பு பிடித்து இறுகிப்போயிருக்கும். பலம் கொடுத்துத் திருப்பினால் மூன்று விஷயம் நடக்கலாம்: திரும்பாது; திரும்பும், ஆனால் தண்ணீர் நிற்காது; இல்லையென்றால் பிடி கையோடு வந்துவிடும். மோசமானது நான்காவது. காக்கே சுவருக்குள் மரையோடு முறிந்து, குளியலறை நீச்சல் குளமாவது.

அதனால் ஆங்கிள் காக்கில் கை வைப்பதற்கு முன் மொட்டை மாடிக்குப் போக வேண்டும். தொட்டியிலிருந்து குளியலறைக்கு இறங்கும் குழாயின் கேட் வால்வு எது என்று கண்டுபிடித்து மூடிப் பார்க்க வேண்டும். (அதுவும் இறுகியிருக்கும். ஆனால் அங்கே உடைந்தால் நனைவது மொட்டை மாடி.) அடுக்குமாடி என்றால் ஷாஃப்ட்டில் இருக்கும் வால்வு. எந்த வால்வு எந்த வீட்டுக்கு என்பது காவலாளிக்கோ பிளம்பருக்கோ தெரிந்திருக்கும், சங்கத்தின் தலைவருக்குத் தெரியாது. மேலே மூடி, குளியலறைக் குழாயைத் திறந்து, தண்ணீர் முழுதாக நின்றதை உறுதி செய்த பிறகே மற்றது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இந்த வேலையைத் தொடங்கவே கூடாது. ஹார்டுவேர் கடை மூடியிருக்கும். காக் உடைவது அப்போதுதான்.

இப்போது கீசரைக் காலி செய்ய வேண்டும். வெந்நீர்க் குழாயைத் திறந்துவிட்டுக் காத்திருப்பவர்கள் ஏமாந்துபோவார்கள். சில சொட்டு வந்து நின்றுவிடும். காரணம், செங்குத்தாகத் தொங்கும் கீசரில் வெளியே போகும் குழாய் தொட்டியின் உச்சி வரை உள்ளே நீண்டிருக்கும். சூடான தண்ணீர் மேலே மிதப்பதால் அங்கிருந்து எடுக்கிறார்கள். கீழிருந்து புதுத் தண்ணீர் தள்ளினால்தான் மேலிருந்து வெந்நீர் வெளியேறும். தள்ள ஆள் இல்லையென்றால் 15 லிட்டரும் உள்ளேயே உட்கார்ந்திருக்கும். தந்திரம் இது: வெந்நீர்க் குழாயைத் திறந்தே வைத்துவிட வேண்டும், அந்த வழியாகக் காற்று உள்ளே போகும். பிறகு நீல நிற வளையம் இருக்கும் உள்வழி ஹோஸைக் கழற்றினால் அந்த வழியே தொட்டி காலியாகும். அடியில் ஒரு வாளி. அந்த வழியில் சேஃப்டி வால்வு இருந்தால் அதற்குள் இருக்கும் ஒருவழிக் கதவு தண்ணீரைத் திரும்ப விடாது. வால்வின் நெம்புகோலைத் தூக்கிப் பிடிக்க வேண்டும், அல்லது வால்வையே கழற்ற வேண்டும். தண்ணீர் ஆறியிருக்க வேண்டும் என்பதைச் சொல்லவே தேவையில்லை. ஆனாலும் சொல்லிவைப்பது நல்லது: 60 டிகிரித் தண்ணீர் சில வினாடிகளில் தோலை வேகவைத்துவிடும்.

ஹோஸின் நட்டைக் கழற்றும்போது இரண்டு ஸ்பேனர் வேண்டும். ஒன்று நட்டைத் திருப்ப, இன்னொன்று காக்கைப் பிடித்துக்கொள்ள. ஒரே ஸ்பேனரால் இழுத்தால் திருகும் விசை முழுவதும் சுவருக்குள் இருக்கும் மரைக்குப் போகும். நட் துரு பிடித்து அசையாவிட்டால் துரு தளர்த்தும் எண்ணெயை அடித்துவிட்டு ஒரு காபி குடித்து வரலாம். அப்படியும் அசையாவிட்டால் ஹோஸை நறுக்கிவிட வேண்டியதுதான். அதை எப்படியும் திரும்பப் பயன்படுத்தக் கூடாது.

காலியான கீசரே 8, 10 கிலோ இருக்கும். உள்ளே தங்கிய தண்ணீரும் உப்பும் தனி. ஸ்டூலில் ஒருவர், கீழே ஒருவர். மேலே தூக்கி, சுவர்க் கொக்கியிலிருந்து விடுவித்து இறக்க வேண்டும். பாதி வேலை முடிந்தது.

அடுத்து சுவர். பழைய போல்ட்டுகளில் புதுக் கீசர் அப்படியே உட்கார்ந்தால் அது அதிர்ஷ்டம். ஓட்டைகளுக்கு இடையிலான தூரம் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு அளவு. ஒரே கம்பெனியின் பழைய மாடலுக்கும் புது மாடலுக்கும்கூட ஒத்துப்போகாது. வாங்கப் போகும் முன் அளந்துகொண்டு போவது உத்தமம். புது ஓட்டை போடுவதானால், ஆங்கிள் காக்கிலிருந்து நேர் மேலேயும் நேர் கீழேயும் உள்ள கோட்டைத் தவிர்க்க வேண்டும். சுவருக்குள் குழாய் பெரும்பாலும் அந்தக் கோட்டில்தான் ஓடும். டைல்ஸ் மேல் ஒட்டுத்தாள் ஒட்டி, டிரில்லின் சுத்தியல் அதிர்வை அணைத்துவிட்டு மெதுவாகத் துளைக்க வேண்டும். டைல்ஸைத் தாண்டிய பிறகு அதிர்வைப் போடலாம். தண்ணீர் நிறைந்த 15 லிட்டர் கீசர் 25 கிலோ வரை வரும். செங்கல் சுவரும் கான்கிரீட்டும் ஆங்கர் போல்ட்டில் அதைத் தாங்கும். ஹாலோ பிளாக் சுவரில் போல்ட்டுக்குப் பிடிமானம் கிடைக்காமல் போகலாம். கொத்தனாரைக் கேட்காமல் அங்கே மாட்டக் கூடாது.

மாட்டியாயிற்று. இணைப்பு கொடுக்க வேண்டும். நீலம் உள்ளே, சிவப்பு வெளியே. இது இடம் மாறினால் கீசர் வேலை செய்யும், ஆனால் ஒரு மக்கு வெந்நீர் வந்ததும் வெதுவெதுப்பாகிவிடும். பச்சைத் தண்ணீர் உச்சியில் நுழைந்து வெந்நீரோடு கலப்பதால் வரும் வினை. சேஃப்டி வால்வு நீல வழியில், அதில் போட்டிருக்கும் அம்புக்குறி கீசரைப் பார்த்தபடி. வால்வுக்கும் கீசருக்கும் நடுவில் மூடக்கூடிய காக் எதுவும் வரக் கூடாது. மரையில் டெஃப்லான் டேப்பைச் சுற்றும்போது, இறுக்குகிற திசையிலேயே சுற்ற வேண்டும். எதிர்த்திசையில் சுற்றினால் இறுக்கும்போதே உருண்டு வெளியே வந்துவிடும். ஹோஸ் நட்டுக்குள் ரப்பர் வாஷர் இருக்கிறது, தண்ணீரைத் தடுப்பது அதுதான். அங்கே டேப் தேவையே இல்லை. (சுற்றுபவர்கள் சுற்றிக்கொண்டே இருக்கிறார்கள். மனத்திருப்திக்கு.) வெந்நீர் லைனுக்கு வெள்ளை பி.வி.சி. ஆகாது, 60 டிகிரியிலேயே தளர்ந்துவிடும். அங்கே சி.பி.வி.சி.யோ எஃகு பின்னல் ஹோஸோதான்.

இப்போது அவசரப்படக் கூடாத இடம். மேலே கேட் வால்வைத் திறந்து, கீழே ஆங்கிள் காக்கைத் திறந்து, வெந்நீர்க் குழாயையும் திறந்து வைத்துக் காத்திருக்க வேண்டும். முதலில் காற்று. பிறகு துப்பித் துப்பித் தண்ணீர். கடைசியில் நூல் பிடித்த மாதிரி ஒரே சீராக ஒழுக்கு. அது வந்தால்தான் தொட்டி நிரம்பியிருக்கிறது. அதற்குள் "விளக்கு எரியுதான்னு பார்ப்போம்" என்று சுவிட்சைத் தட்டியவர்களின் காயில் தண்ணீர் தொடாமலே எரிந்துபோகும். வறண்ட காயிலுக்கு ஆயுசு நிமிடக் கணக்கு. வாரண்டியும் அதற்குக் கிடைக்காது. ஒவ்வோர் இணைப்பிலும் காய்ந்த செய்தித்தாளை ஒற்றிப் பார்த்து, ஈரம் இல்லையென்றால்தான் கரண்ட் பக்கம் போக வேண்டும்.

2,000 வாட் கீசர் 8.7 ஆம்பியர் இழுக்கும். 6 ஆம்பியர் சாக்கெட்டில் அதை ஓட்ட முடியாது. 16 ஆம்பியர் பவர் பிளக்தான். எர்த் உண்மையிலேயே எர்த்தாக இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனை வைத்து ஒருமுறை பார்த்துவிடுவது இந்த மொத்த வேலையிலும் மிகப் பயனுள்ள செலவு. மூன்றாவது ஓட்டை இருப்பதாலேயே அதற்குப் பின்னால் ஒயர் இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது, குறிப்பாகப் பழைய வீடுகளில். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. வீட்டில் இருந்தால் அதன் சோதனைப் பொத்தானை அழுத்தி, தட்டிக்கொள்கிறதா என்று பார்க்க வேண்டும்.

சுவிட்சைப் போட்டதும் கடிகாரத்தைப் பார்க்கலாம். 28 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு 15 லிட்டர் ஏறுவதற்கு 17 நிமிடம், செலவு அரை யூனிட்டுக்குச் சற்று மேல். இருபது நிமிடம் ஆகியும் விளக்கு அணையாவிட்டால் மின்னழுத்தத்தைப் பார்க்க வேண்டும். 230 வோல்ட் இல்லாமல் 200தான் வந்தால் 2,000 வாட் காயில் 1,500 வாட்டாகச் சுருங்கிவிடும். கீசர் மேல் குற்றம் இல்லை.

இந்த முதல் சூட்டிலேயே சேஃப்டி வால்விலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வரும். பதறி வால்வை இன்னும் இறுக்கக் கூடாது. 15 லிட்டர் தண்ணீர் சூடேறும்போது ஏறத்தாழ 200 மில்லி விரியும். ஒருவழிக் கதவு அதைத் திரும்பிப் போக விடாததால், அந்த ஒரு டம்ளர் தண்ணீர் வெளியேறும் வழி அதுதான். வால்வின் மூக்கில் ஒரு மெல்லிய குழாயை மாட்டித் தரை வடிகாலுக்கு விட்டுவிட்டால் போதும். குழாயின் நுனியை அடைக்கக் கூடாது. கீசர் அணைந்து ஆறிய பிறகும் சொட்டிக்கொண்டே இருந்தால், அப்போது லைன் அழுத்தம் அதிகம் அல்லது வால்வில் குப்பை.

மறுநாள் காலையில் இணைப்புகளை இன்னொரு முறை தொட்டுப் பார்க்க வேண்டும். சூடேறி ஆறியதில் வாஷர் கொஞ்சம் அமுங்கியிருக்கும். கால் சுற்று இறுக்கினால் சரியாகும்.

பழைய கீசரைக் காயலான் கடையில் எடைக்கு எடுத்துக்கொள்வார்கள். போடும் முன் தலைகீழாகக் கவிழ்த்துத் தண்ணீரை வடித்துவிட வேண்டும். உள்ளே கலகலவென்று உருளும் உப்புக் கட்டியை எடையில் கழிக்கத்தான் செய்வார்கள்.